கூடு எரிந்தது, கொட்டுப்பட்டவர் என்ன ஆனார்?

மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி இது. ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும். வாய்க்கால் கரையில் புதர் வெட்டப் போன நூறு நாள் வேலைப் பெண்களைக் கதண்டு கடித்தது; நாலைந்து பேர் மயங்கி விழுந்தார்கள்; 108 ஆம்புலன்ஸ் வந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அன்று இரவே தீயணைப்பு வீரர்கள் வந்து, நீண்ட கழியின் நுனியில் பந்தம் கட்டி, பனைமரத்திலிருந்த கூட்டைக் கொளுத்தினார்கள். கூடவே ஒரு படம்: இருட்டில் எரியும் கூடு, கீழே அண்ணாந்து நிற்கும் ஊர்ச்சனம். யாராவது இறந்திருந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிப்பதும் உண்டு. அத்தோடு விஷயம் முடிந்தது.

பிழைத்து வீடு திரும்பியவரைப் பற்றி அடுத்த நாள் யாரும் எழுதுவதில்லை. ஆனால் கூட்டமாகக் கடிபட்டவர்களில் ஒருவர், அல்லது வீட்டுக்குள் தனியாக ஒரேயொரு கதண்டிடம் கொட்டுப்பட்ட ஒருவர், வலியால் துடிப்பதற்குப் பதிலாக உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, கண் இருண்டு விழுந்திருப்பார். அவருக்கு இருப்பது வேறு பிரச்சினை. அடுத்த முறை ஒன்று கொட்டினாலே உயிர் போகலாம். கூட்டை எரிக்க நம்மிடம் ஒரு துறை இருக்கிறது, வண்டி இருக்கிறது, கூப்பிட எண் இருக்கிறது. இவரை உட்கார வைத்து, ‘இனி நீங்கள் இன்னின்னது செய்ய வேண்டும், இந்த மருந்து கையிலிருக்க வேண்டும்’ என்று சொல்லத்தான் ஆளில்லை. நம் பொதுச் சுகாதார அமைப்பு எத்தனையோ நல்ல காரியம் செய்கிறது. இந்தச் சின்ன இடைவெளியை மட்டும் அடைக்காமலே விட்டிருக்கிறது.

முதலில் கதண்டைப் பற்றி. நம் பக்கத்தில் கதண்டு, கடந்தை என்றெல்லாம் சொல்வது பெரும்பாலும் இரண்டு இனங்களை: வெஸ்பா அஃபினிஸ், வெஸ்பா டிராபிகா. இரண்டும் கறுப்பு, வயிற்றில் பட்டை கட்டியதுபோல் மஞ்சளோ ஆரஞ்சோ ஓடும். மரநாரை மென்று கூழாக்கி, காகிதம் போன்ற கூடு கட்டும். முதலாவது மரக்கிளை, தென்னை மட்டை, வீட்டு சன்ஷேடு என்று எங்கும் தொங்கவிடும். இரண்டாவதற்கு மண்பொந்து, மரப்பொந்து, சுவர் இடுக்கு பிடிக்கும். இலங்கையில் சிங்களத்தில் ‘தெபர’ என்று அஞ்சப்படுவதும் இந்த முதல் இனம்தான். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘குளவிக்கொட்டு’ என்று செய்தியில் வருவதில் பாறையிலும் மரத்திலும் அடை கட்டும் பெருந்தேனீயும் சேர்ந்துகொள்ளும். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வீட்டுச் சுவரில் களிமண்ணை உருட்டி வந்து ஒட்டும் மண்குளவி வேறு. அது கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிமார் கலைக்கவிட மாட்டார்கள். அவர்கள் அப்படித் தடுத்ததில் தவறொன்றும் இல்லை. அது தனியாள். சிலந்தியையோ புழுவையோ மயக்கிக் கூட்டில் அடைத்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். கையால் பிடித்தாலொழியக் கொட்டாது. கதண்டு குடும்பமாக வாழ்வது. காக்க வேண்டிய கூடு இருப்பதால்தான் அதற்கு அத்தனை கோபம்.

வீட்டுக்குள் வரும் கதண்டு யாரையும் தேடி வருவதில்லை. எதையாவது தேடி வருகிறது: கழுவாத மீன் தட்டு, பழுத்து வெடித்த மாம்பழம், மூடாத வெல்லச் சட்டி. இல்லாவிட்டால் ராணி மட்டும் கூடு கட்ட இடம் பார்த்து வரும். பக்கத்திலேயே கூடு இருந்தால் மாலையில் எரியும் டியூப்லைட்டைச் சுற்றிக்கொண்டு வருவதும் உண்டு. உள்ளே வந்த பிறகு வெளியேறும் வழி அதற்குத் தெரியாது. கண்ணாடியில் முட்டும், விளக்கில் மோதும். அந்த நேரத்தில் துண்டை எடுத்து வீசுவதுதான் நம் வழக்கம். அடிபட்டு நசுங்கும் கதண்டு வெளிவிடும் வாடை கூடு அருகில் இருந்தால் மற்றவற்றையும் கிளப்பிவிடக்கூடியது. தேனீயின் கொடுக்கு தோலில் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும்; கதண்டின் கொடுக்கு அப்படி மாட்டாது. அதனால் ஒன்றே பல முறை கொட்டும்.

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா இருக்கிறார். மாடியில் காயப்போட்ட புடவையை உருவும்போது மடிப்புக்குள் இருந்த கதண்டு புறங்கையில் கொட்டியது. ஒன்றுதான். ‘சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான்’ என்று கீழே இறங்கி வந்தவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தது. உதடு தடித்தது. வயிற்றைப் பிசைகிறது என்று கழிப்பறைப் பக்கம் எழுந்து போனவர் வாசலிலேயே சாய்ந்தார். பக்கத்து வீட்டுப் பையன் பைக்கை எடுக்க, மகன் பின்னால் உட்கார, நடுவில் அக்காவை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். மருத்துவமனைச் சீட்டில் இருந்தது இவ்வளவே: ‘பூச்சிக்கடி, அலர்ஜி.’ கீழே ஐந்து நாளைக்கு மாத்திரை. அக்கா இப்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துளை வழியாக எது உள்ளே வந்தாலும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகன் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார். “மறுபடி கடிச்சா என்ன தம்பி பண்றது?” என்று என்னைக் கேட்டார். இந்தக் கேள்விக்கான பதில் அந்தச் சீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

கதண்டால் ஏற்படும் மரணம் இரண்டு வகை. ஐம்பது, நூறு என்று கொட்டி, விஷத்தின் அளவாலேயே தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகம் செயலிழப்பது ஒரு வகை. அது யாருக்கும் வரும், பொதுவாகச் சில மணி நேரமோ சில நாளோ எடுத்துக்கொள்ளும். மற்றது ஒவ்வாமை. இங்கே விஷத்தின் அளவு கணக்கே இல்லை. முன்பு எப்போதோ வாங்கிய கொட்டில் உடம்பு அந்தப் புரதத்தை எதிரியாக முத்திரை குத்தி வைத்திருக்கும். அடுத்த கொட்டில் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை ஒரே சமயத்தில் கொட்டிக் கவிழ்க்கும். ரத்தக் குழாய்கள் விரிந்து கசியும், ரத்த அழுத்தம் சரியும், மூச்சுக்குழல் இறுகும், தொண்டை வீங்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு நாயின் கதை. பிரெஞ்சு அறிஞர்கள் போல் போர்ட்டியரும் ஷார்ல் ரிஷேவும் கடல் சாமந்தி என்னும் கடலுயிரின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் அவை நஞ்சைத் தாங்கப் பழகிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் முறை தாங்கிக்கொண்டது. சுமார் மூன்று வாரம் கழித்து அதற்கு மறுபடி கொடுத்தபோது அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. 1902-இல் அவர்கள் வெளியிட்ட இந்த முடிவுக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘எனக்குத்தான் போன வருஷமே கடிச்சுது, ஒண்ணும் ஆகலையே, உடம்பு பழகிடுச்சு’ என்று நம் ஊரில் இன்றும் சொல்பவர்கள், போர்ட்டியரும் ரிஷேவும் முதலில் எதிர்பார்த்ததைத்தான் சொல்கிறார்கள்.

எவ்வளவு நேரம் இருக்கிறது? பிரிட்டனில் ஒவ்வாமையால் இறந்தவர்களின் விவரங்களைத் தொகுத்த மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்க எடுத்த நேரத்தின் இடைநிலை அளவு 15 நிமிடம். உணவு ஒவ்வாமையில் அது 30 நிமிடம். நம் ஊரில் கொட்டுப்பட்ட இடத்தில் முதல் 15 நிமிடம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வெற்றிலைப் பெட்டியைத் தேடிச் சுண்ணாம்பு எடுத்து வைப்போம். வெங்காயம் தேய்ப்போம். இரும்பை வைத்து உரசச் சொல்வார் ஒருவர். வாயில் தண்ணீர் ஊற்றுவோம். சாதாரண கொட்டுக்கு இவற்றால் கெடுதல் பெரிதாக இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி ஐஸ் வைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வாமைக்காரருக்கு இவையெல்லாம் நேர விரயம். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் உண்டு.

அந்தப் பைக் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவரைத் திடீரென எழுப்பி உட்கார வைத்தாலோ நிற்க வைத்தாலோ, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் கால்களிலேயே தங்கிவிடும். இதயம் வெறுமனே துடித்து நின்றுபோகலாம். இப்படி நிமிர்த்தியதும் இறந்தவர்களைப் பற்றி அதே பம்ஃப்ரி 2003-இல் எழுதினார். படுக்கவைத்து, காலை உயர்த்தி வைப்பதே சரி. மூச்சுத் திணறல் அதிகமென்றால் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கழிப்பறைக்கு நடந்து போக விடக்கூடாது. இதைப் படிக்கும் கிராமத்துக்காரர் ஒருவர், ‘படுக்கவைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கவா?’ என்று கோபப்படலாம். நியாயமான கோபம்தான். பைக்கில் தூக்கிப்போட்டு ஓடுவது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் மருந்து இல்லாதபோது வேறு வழியில்லை. மருந்து ஏறிவிட்டால் 108-க்காகப் படுத்துக்கொண்டே காத்திருக்க முடியும்.

அந்த மருந்து அட்ரினலின். நம் உடம்பே சுரப்பதுதான். விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்கும், இறுகிய மூச்சுக்குழலைத் திறக்கும், இதயத்தைத் தட்டி எழுப்பும், மேற்கொண்டு ரசாயனம் வெளிவருவதையும் அடக்கும். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து இதுதான் என்பதில் உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக்கேற்ப, தொடையின் வெளிப்புறத் தசையில். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு இன்னொரு முறை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, இந்தியப் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு மில்லி ஆம்பியூலின் (கண்ணாடிக் குப்பி) விலை டீயும் வடையும் வாங்கும் காசைத் தாண்டுவது அபூர்வம்.

இருந்தும் பல இடங்களில் முதலில் ஏறுவது அவில் என்ற அரிப்பு மருந்தும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டும்தான். அரிப்பும் தடிப்பும் அடங்குவதால் நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் ‘ஊசி வேலை செய்கிறது’ என்ற நிம்மதி வரும். ஆனால் சரியும் ரத்த அழுத்தத்தை அவில் தூக்கி நிறுத்தாது. டெக்ஸா வேலை செய்ய மணிக்கணக்காகும். அட்ரினலின் என்றதும் சில மருத்துவர்களுக்கே ஒரு தயக்கம், குறிப்பாக நோயாளி வயதானவராக, இதய நோய்க்காரராக இருந்தால். அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை, மருந்தைத் தவறாக நரம்பில் வேகமாக ஏற்றியபோது நேர்ந்த விபரீதங்கள். தசையில் போடும்போது படபடப்பு, கை நடுக்கம், தலைவலி என்று சிறிது நேரம் இருந்துவிட்டுப் போகும். கொடுக்கத் தாமதித்ததால் போன உயிர்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இதை நோயாளியே தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்று மேலைநாடுகள் எப்போதோ முடிவு செய்துவிட்டன. ரசாயனப் போரில் நரம்பு நச்சு தாக்கினால் சிப்பாய் தானே தொடையில் குத்திக்கொள்வதற்காக அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த ஊசிக் கருவியைத்தான் ஷெல்டன் காப்லான் என்ற பொறியாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் அட்ரினலினுக்காக மாற்றினார்கள். எபிபென் என்ற அந்தப் பேனா ஊசிக்கு 1987-இல் அங்கே அனுமதி கிடைத்தது. 2016-இல் இரண்டு பேனாக்கள் கொண்ட பெட்டியின் விலை 600 டாலரைத் தொட்டபோது அமெரிக்க நாடாளுமன்றமே அதை விற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. 2024-இல் மூக்கில் பீய்ச்சும் அட்ரினலினும் வந்துவிட்டது. நம் ஊரில் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போய் இந்தப் பேனாவைக் கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வாங்கி வந்தால் உண்டு. தையல்கார அக்காவுக்கு அப்படிப் பிள்ளை யாரும் இல்லை.

‘அப்படியானால் ஆம்பியூலையும் சிரிஞ்சையும் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே’ என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கனடாவில் எஸ்டெல் சைமன்ஸும் அவருடைய குழுவும் 2001-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தைக்கான அளவை ஆம்பியூலிலிருந்து உறிஞ்சித் தயார் செய்யச் சொன்னபோது மருத்துவர்களுக்குச் சராசரியாக 52 விநாடி ஆயிற்று. பெற்றோருக்கு 142 விநாடி. அதைவிட மோசம், பெற்றோர் எடுத்த மருந்தின் அளவு ஒருவருக்கொருவர் 40 மடங்குவரை வேறுபட்டது. அதுவும் பதற்றமில்லாத, அமைதியான அறையில். கை நடுங்கும்போது கண்ணாடிக் கழுத்தை உடைப்பது எல்லோருக்கும் ஆகிற காரியமா?

இதற்கிடையே ஒரு நடுவழி இருக்கிறது. பேனா கிடைக்காத ஊர்களில் மருத்துவர்கள் செய்வது இதைத்தான்: சரியான அளவைச் சிரிஞ்சில் முன்கூட்டியே நிரப்பி, மூடி, ஒளி படாத உறையில் போட்டு, தேதி எழுதிக் கொடுப்பது. சில மாதங்களுக்கொரு முறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஊசி போட்டுக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. காலையில் கந்தர் சஷ்டிக் கவசம் கேட்டுக்கொண்டே இன்சுலின் குத்திக்கொள்ளும் பாட்டிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: அந்த இன்சுலின் சிரிஞ்சையே இதற்கும் எடுக்கக்கூடாது. அதன் ஊசி குட்டை, தோலுக்கடியோடு நின்றுவிடும். இது தசைக்குள் போக வேண்டிய மருந்து.

மலிவான ஒரு மருந்து, நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கரையில், மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டிக் குழந்தைகள் சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் என்ற சாதாரண மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, 1980-களில் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அதுவரை நூற்றுக்கு முப்பது நாற்பது என்றிருந்த சாவு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மருந்தைக் கிராமத்து மருத்துவர்கள் வரை கொண்டு சேர்த்ததுதான் அவர் செய்த பெரிய வேலை.

தமிழ்நாட்டுக்கும் இது தெரியாத வித்தை இல்லை. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலி என்று வருபவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும் வைக்கப்பட்டன. முதல் மருந்துக்கு நோயாளி நகரம்வரை காத்திருக்கக்கூடாது என்ற அதே யோசனைதான். 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கி, ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆணை வந்தது. கதண்டுக்கும் இதே இரண்டையும் செய்தாலே போதும். கொட்டி மயங்கியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு அட்ரினலின் எத்தனையாவது நிமிடத்தில் ஏறியது என்ற பதிவு வேண்டும். துணைச் சுகாதார நிலையச் செவிலியர், மருத்துவர் வரும்வரை காத்திராமல் முதல் ஊசியைப் போடலாம் என்ற எழுத்துபூர்வமான அனுமதியும் பயிற்சியும் வேண்டும். மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையை அடித்துக் குறைப்பதில் பேர்போன தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் நம்மிடம் 1994-லிருந்து இருக்கிறது. நிரப்பிய ஊசியோ பேனாவோ வேண்டும் என்று அது டெண்டர் விட்டால் தயாரிக்க இந்திய நிறுவனங்கள் வராமலா போகும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சீட்டு. கடும் ஒவ்வாமை வந்து தேறியவரை மாத்திரையோடு மட்டும் அனுப்பக்கூடாது. சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரலாம் என்பதால் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். போகும்போது, எந்த அறிகுறி வந்தால் எதை, எங்கே, எவ்வளவு போட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். தோலில் தடிப்பே வராமல் நேராக மயக்கம் மட்டும் வருவது கொட்டு ஒவ்வாமையில் உண்டு என்பதும் அதில் இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவரிடம் அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம். தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேட்கச் சொல்ல வேண்டும்.

இதற்கு நிரந்தரச் சிகிச்சையே இருக்கிறது. சுத்திகரித்த விஷத்தைத் துளித்துளியாக, அளவை ஏற்றிக்கொண்டே, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஊசியாகப் போடுவது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1978-இல் இது பலிப்பதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தார்கள். அதற்கு முன் பூச்சியை முழுசாக அரைத்துச் சாறு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது மருந்தில்லாத வெற்று ஊசியைவிட மேலானதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை உடம்பு முழுதும் ஒவ்வாமை வந்த பெரியவருக்கு அடுத்த கொட்டிலும் அது வர 30 முதல் 60 சதவீதம் வாய்ப்பு என்றால், சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். இங்கே இது அரிதிலும் அரிது. மேலைநாட்டு மருந்துகள் அந்த ஊர்க் குளவிகளின் விஷத்திலிருந்து செய்யப்படுபவை. நம் கதண்டுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்பதை நம் ஆய்வகங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்பவர்கள் கொட்டுப்பட்டு நான்கு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்வது நல்லது. உடனே செய்தால் இருப்பதையும் இல்லை என்று காட்டிவிடும்.

சரி, அதுவரை வீட்டில்? ஒவ்வாமை உள்ளவர் கூட்டின் பக்கமே போகக்கூடாது, வீரம் காட்டும் வேலையே வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது, கல்லெறிவது, குளியலறை வெண்டிலேட்டரில் இருக்கும் கூட்டின் மேல் கொசு மருந்தைப் பீய்ச்சுவது எல்லாம் கூடவே இருக்கும் குடும்பத்தையும் சேர்த்து ஆபத்தில் மாட்டிவிடும். தீயணைப்புத் துறையின் 101-ஐக் கூப்பிட்டு, வீட்டில் ஒவ்வாமைக்காரர் இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூட்டை எடுக்கும் அன்று அவர் அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். கூட்டை இழந்தவை அடுத்த நாளும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் ஊர்க்கோடி ஆலமரத்தில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கும் கூட்டையும் தேடிப்போய்க் கொளுத்தும் ஆர்வம் எனக்குப் பிடிபடுவதில்லை. பயிரைத் தின்னும் புழுக்களைத் தூக்கிப் போவதும் இதே கதண்டுதான்.

வீட்டு வேலை பெரும்பாலும் துளை அடைக்கும் வேலை. ஏசி குழாய் போகும் ஓட்டை, எக்ஸாஸ்ட் ஃபேன், பரண்மேல் காற்றுப்போக்கி, பழைய வீடென்றால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து. கம்பிவலையும் கொஞ்சம் சிமெண்டும் போதும், அதிகச் செலவில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்பதுதான் பாடு. சன்ஷேடுக்கு அடியிலும் அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாலும் மாதம் ஒருமுறை யாராவது எட்டிப் பார்த்தால், ராணி தனியாகக் கட்டத் தொடங்கிய, எலுமிச்சம்பழ அளவுக் கூடு கண்ணில் படும். அந்தக் கட்டத்தில் அதை எடுப்பது எளிது. கொடியில் காய்ந்த துணியை உதறிவிட்டு மடிக்க வேண்டும், செருப்பையும் தட்டிவிட்டுப் போட வேண்டும். உள்ளே ஒன்று வந்துவிட்டால் பகலில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு மற்றவற்றின் திரையை இழுத்துவிடலாம். இரவில் உள் விளக்கை அணைத்து வாசல் விளக்கைப் போடலாம். வெளிச்சத்தைத் தேடி அதுவே போய்விடும். ஒவ்வாமைக்காரர் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். அந்த அக்கா செய்தது சரிதான். அந்த அறைக்குள் மருந்தும் போனும் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்து கிடைத்துவிட்டால் அதை வைக்கும் இடமும் முக்கியம். நகையோடு பீரோவுக்குள் பூட்டக்கூடாது. அடுப்பு மேடைக்கு மேல் வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் வேண்டாம், ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். நிழலான, எல்லோர் கைக்கும் எட்டுகிற ஒரு தட்டு போதும். கொட்டுப்பட்டவர் தானே போட்டுக்கொள்ளும் நிலையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பழக்கிவிட வேண்டும். காலாவதியான ஊசியைக் குப்பையில் போடுவதற்கு முன் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்க்கச் சொன்னால் கை பழகிவிடும். புது ஊசியின் காலாவதித் தேதியைத் தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளிலேயே பேனாவால் எழுதி வைத்துவிடலாம். கிழிக்கிற அன்று கண்ணில் படும்.